பேசுவது யார்? – கவிதையையும் நாடகத்தையும் அருகருகே வைத்துக் கற்பித்தல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது கூடுவது எளிய செயலன்று. நாற்பது பேர் வந்த மாதமும் உண்டு, நால்வர் மட்டுமே வந்த மாதமும் உண்டு. நால்வர் வந்த மாதத்திலும் கவிதை படிக்கப்பட்டது என்பதே இந்த விழாவுக்கு உரிய காரணம் என்று கருதுகிறேன்.

மாணவர்க்குக் கவிதையை ஆராயவும், அதனை நாடகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் கற்பிப்பது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். இது ஆசிரியர் கூட்டத்தில் பேச வேண்டியது, கவிஞர் அவையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நீங்கள் இன்று எழுதும் கவிதையைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் படிக்க வேண்டியவர் இன்று ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே கவிதை அவருக்கு எவ்வாறு அறிமுகமாகிறது என்பது உங்களைப் பற்றிய செய்தியும் ஆகும்.

தேர்வுத்தாளில் கவிதை

வகுப்பறையில் ஒரு பாடல் நடத்தப்படும் முறையை நாம் எல்லோரும் அறிவோம். ஆசிரியர் குறிப்பு, அருஞ்சொற்பொருள், பொழிப்புரை, மையக்கருத்து, அணிநயம் என்னும் வரிசையில் பாடம் நகரும். இவற்றுள் எதுவும் வேண்டாதது அன்று. சொற்பொருள் தெரியாமல் எந்தப் பாடலுக்குள்ளும் நுழைய இயலாது. ஆயினும் இவை அனைத்தும் முடிந்தபின் மாணவர் கையில் எஞ்சுவது என்ன? பெரும்பாலும் ஒரு வாக்கியம். 'இப்பாடல் பிரிவின் துயரைக் கூறுகிறது.' அவ்வளவே. பிரிவின் துயரைக் கூறும் பாடல்கள் சங்கத் தொகைநூல்களில் நூற்றுக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றுக்கும் அதே வாக்கியம் பொருந்துமாயின், குறிப்பிட்ட இந்தப் பாடலைப் படிக்க வேண்டிய தேவைதான் என்ன?

நாடகப் பாடத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. உரையாடல்களை ஒரு மாணவர் எழுந்து நின்று ஒரே குரலில் முதலிலிருந்து கடைசி வரை படிப்பார். அரசனும் அமைச்சனும் காவலனும் ஒரே மூச்சில் வந்து போவார்கள். பின்னர் கதைச்சுருக்கம் எழுதப்படும். கவிதையிலிருந்து கருத்து, நாடகத்திலிருந்து கதை என்று ஒவ்வொன்றிலும் ஒன்றைப் பிழிந்தெடுத்துக்கொண்டு மற்றதைப் போட்டுவிடுகிறோம். இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் ஒன்று மற்றதைக் காப்பாற்றும் என்பதே நான் இன்று சொல்ல வந்தது.

நம் மரபு தந்த கேள்விகள்

1929இல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களிடம் கவிஞர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்துரைக்கச் செய்து, அந்த விடைகளைத் தொகுத்து ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். தமிழில் 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, பாராட்டுரைகளுக்கு மாற்றாக, படைப்பின் சொற்களையே எடுத்து ஆராயும் அலசல் முறைக்கு இடம் கொடுத்தார். இவ்விரண்டு முயற்சிகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு பாடலை நோக்கிக் கேட்க வேண்டிய கேள்விகள் இவற்றுக்கு மிக முன்பே தமிழில் தொகுக்கப்பட்டுவிட்டன.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு முப்பத்துநான்கு உறுப்புகளை வகுக்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்பனவற்றை யாப்பு வகுப்பில் நடத்திவிடுகிறோம். அதே பட்டியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் இருக்கின்றன. பேசுபவர் யார், கேட்பவர் யார், எந்த இடம், எந்தப் பொழுது, பேசியதனால் விளைவது என்ன, உள்ளத்து உணர்வு உடலில் எவ்வாறு வெளிப்பட்டது, சொல்லாமல் விடப்பட்டது எது, இவற்றையெல்லாம் நாம் எதைக்கொண்டு உய்த்துணர்கிறோம் என எட்டு வினாக்களாக இவற்றைப் பெயர்த்துக்கொள்ளலாம். ஒரு நாடக இயக்குநர் ஒத்திகையின் முதல் நாளில் தம் நடிகரிடம் கேட்கும் கேள்விகளும் ஏறத்தாழ இவையே. நாடகக் காட்சியைக் குறிக்கப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆண்ட சொல்லும் 'களம்' என்பதே.

அகத்திணையியல், அகப்பாடலின் நெறியைச் சொல்லுமிடத்து நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் இணைத்தே சொல்கிறது. அங்கே நாடக வழக்கு என்பது மேடையேற்றத்தைக் குறிப்பதன்று. சுவைபட நிகழ்வனவற்றை ஓரிடத்துத் தொகுத்துப் புனைந்து கூறுவதை இளம்பூரணர் அதற்குப் பொருளாகக் கொள்கிறார். எனினும் கவிதையின் இலக்கணத்தை வகுக்கும்போதே நாடகம் என்னும் சொல் வந்து நிற்பது தற்செயலாகாது. ஆகவே கவிதையையும் நாடகத்தையும் ஒப்பிடுவது அயலிலிருந்து வந்த பயிற்சி என்று நாம் தயங்க வேண்டியதில்லை.

நான்கு அடிகளில் ஒரு பயிற்சி

முதல் வகுப்பிலேயே சங்கப் பாடலைக் கொடுத்தால் சொற்பொருளிலேயே நேரம் போய்விடும். எனவே பழகிய சொற்களால் ஆன நான்கு அடிகளைப் பயிற்சிக்கென்றே எழுதி வைத்திருக்கிறேன். கவிதை என்று அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன், கரும்பலகைக்கு உரியது.

கதவைச் சாத்திவிட்டுப் போ.
குடையை எடுத்துக்கொள்,
மழை வரும்போல் இருக்கிறது.
திண்ணை விளக்கு எரியட்டும்.

இதன் மையக்கருத்து என்ன என்று கேட்டால் வகுப்பு மௌனமாகும். யாரோ ஒருவர் 'மழைக்காலத்தில் எச்சரிக்கை வேண்டும்' என்பார், சிரிப்பு எழும். பேசுவது யார் என்று கேட்டுப் பாருங்கள். தாய் மகனிடம் பேசுகிறாள் என்பார் ஒருவர். சண்டையிட்டுக் கிளம்பும் கணவனிடம் மனைவி பேசுகிறாள் என்பார் மற்றொருவர். மணமாகிப் போகும் மகளிடம் தந்தை பேசுகிறார் என்று மூன்றாமவர் எழுவார். அப்பொழுது நான் சான்று கேட்பேன். எந்தச் சொல்லைக்கொண்டு அப்படிச் சொல்கிறீர்கள்?

இங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. பேசுபவர் வீட்டில் தங்குபவர், கேட்பவர் போகிறவர் என்பதை 'போ' என்னும் ஒரு சொல் உறுதி செய்கிறது. விளக்கு எரிய வேண்டிய பொழுது. எனவே மாலை அல்லது இரவு. திண்ணை என்பதால் வீட்டின் வகையும் ஓரளவு புலனாகிறது. முதல் அடியில் ஒரு விலக்கம் இருக்கிறது. இரண்டாம் அடியில் அந்த விலக்கம் தளர்கிறது. கடைசி அடியில் விளக்கு எரியட்டும் என்பவர் யாரோ திரும்பி வருவதை எதிர்பார்க்கிறார். போகிறவரையா, வேறொருவரையா? பாடல் சொல்லவில்லை. இதுவே எச்சம். மகளை வழியனுப்பும் தந்தை என்ற விடை மணக்கோலத்தைக் காட்டும் சொல் எதுவும் இன்மையால் வலுவிழக்கிறது என்பதையும் வகுப்பே கண்டுகொள்ளும். கவிதைக்கு எப்பொருளையும் கூறலாம் என்பதும், ஒரே பொருளைத்தான் கூறலாம் என்பதும் ஒருசேர இந்தப் பயிற்சியில் விழுந்துவிடுகின்றன.

அடுத்து, இருவரை அழைத்து இதே நான்கு அடிகளை நடிக்கச் செய்ய வேண்டும். உடனே சிக்கல் எழுகிறது. 'போ' என்பதை உரக்கச் சொல்வதா, மெல்லச் சொல்வதா? முகத்தைப் பார்த்துச் சொல்வதா, திரும்பி நின்றா? போகிறவர் குடையை எடுத்துக்கொள்கிறாரா, விட்டுவிட்டுப் போகிறாரா? நடிகர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். குடையை எடுத்துக்கொண்டால் அது ஒரு நாடகம். எடுக்காமல் போனால் வேறொரு நாடகம். ஏட்டில் இருக்கும் கவிதையோ இரண்டையும் கைவிடாமல் வைத்திருக்கிறது. நாடகத்தில் ஒரு பேச்சுக்கு மறுமொழி வருகிறது. கவிதையில் மறுமொழி வரவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையில் வாசகர் நிற்கிறார். இந்த வேறுபாட்டை வரையறையாக எழுதிப்போட்டால் மனப்பாடம் ஆகும். குடையைக் கையில் கொடுத்து நிற்க வைத்தால் மாணவருக்கு விளங்கும்.

ஒருத்தி வாயில் நால்வர் குரல்

இந்தப் பயிற்சிக்குப் பின் கலித்தொகையின் ஐம்பத்தோராம் பாடலை எடுத்துக்கொள்ளலாம். கபிலர் பாடியதாகக் கொள்ளப்படும் குறிஞ்சிக்கலியில் உள்ளது. தலைவி தோழியிடம் சொல்கிறாள். சிறுவயதில் நம் மணல்வீட்டைக் காலால் சிதைத்து, கூந்தலில் சூடிய மாலையைப் பறித்து, பந்தைக் கவர்ந்துகொண்டு ஓடிய அந்தக் குறும்பன் ஒருநாள் வீட்டு வாயிலில் வந்து நின்று குடிக்க நீர் கேட்டான். தாய் நீர் கொடுத்து வரச் சொன்னாள். அவன் என்பதை அறியாமல் நான் போனேன். வளையணிந்த கையைப் பற்றிவிட்டான். அஞ்சித் தாயைக் கூவினேன். தாய் அலறிக்கொண்டு வந்தபோது, நீர் விக்கியது என்று சொல்லிவிட்டேன். தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் என்னைக் கொல்வதுபோல் பார்த்து நகைத்தான். பாடலின் செய்தி இவ்வளவே.

இதில் எத்தனை குரல்கள் என்று கேட்டால் மாணவர் தாமே எண்ணுவர். வாயிலில் நின்று கேட்பவன் குரல், தாயின் குரல், அன்று கூவிய சிறுபெண்ணின் குரல், இன்று தோழியிடம் கதை சொல்பவளின் குரல் என நான்கு. ஆனால் பேசும் வாய் ஒன்றே. நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கின்றன: வாயில் என்னும் களம், நீர்க்கலம் என்னும் பொருள், ஓர் ஆபத்து, ஒரு பொய், ஒரு தப்பித்தல். மாணவரை இதனை ஒரு சிறு காட்சியாக எழுதச் சொன்னால் மகிழ்ச்சியோடு எழுதுவர். எழுதியபின் இரண்டையும் ஒப்பிடச் சொல்ல வேண்டும்.

காட்சியில் கிடைப்பது என்ன? தாயின் அலறல் உண்மையாகவே கேட்கிறது. அவள் முதுகைத் தடவும்போது அவையோர் சிரிப்பர். ஏனெனில் தாய்க்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். காட்சியில் இழப்பது என்ன? மேடையில் அவனை நாமே நேரில் பார்க்கிறோம். பாடலில் அவனை அவள் சொல்லித்தான் அறிகிறோம். அந்தப் பார்வையையும் நகைப்பையும் கண்டவள் அவள் ஒருத்தியே. நிகழ்ந்ததைத் தோழியிடம் இத்தனை நுட்பமாக நினைவுகூர்கிறாள் என்றால் அந்த நினைவை எத்தனை முறை புரட்டிப் பார்த்திருப்பாள்? முடிவில் அவனை ஏசுவதுபோல் ஒரு சொல்லால் சுட்டுகிறாள். அது சினமா, செல்லமா? மேடையில் நிகழ்ச்சி முதன்மை பெறுகிறது. பாடலில் நிகழ்ச்சியைச் சொல்லும் மனம் முதன்மை பெறுகிறது. பொய்யைக் கூறியது அன்று. அதன் காரணத்தைத் தனக்கே ஒப்புக்கொள்வது இன்று. இந்த இரண்டு காலங்களையும் ஒரே வாயில் நிறுத்தியதே கபிலரின் திறம்.

அகப்பாடல்களின் கீழுள்ள கூற்றுக்குறிப்புகளையும் இம்முறையிலேயே பயன்படுத்தலாம். குறிப்பை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் கொடுத்து, பேசுபவரையும் கேட்பவரையும் மாணவரே கண்டறிய வேண்டும். பிறகு குறிப்பைத் திறந்து பார்க்கட்டும். சில பாடல்களுக்கு உரையாசிரியர்களே கூற்றை வேறுவேறாகக் கொண்டிருக்கிறார்கள். ஆகவே மாணவரின் விடை குறிப்போடு மாறுபட்டால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை, சான்று இருந்தால் போதும். தலைவன் வேலிப்புறத்தே மறைந்து நிற்க, அவன் கேட்குமாறு தோழி தலைவியிடம் பேசும் சிறைப்புறத் துறை இதற்கு மிகவும் ஏற்றது. சொல் ஒருவருக்கு, பொருள் மற்றொருவருக்கு. நாடகத்தில் மறைந்து நின்று கேட்கும் காட்சியில் கேட்பவனை நாம் பார்க்கிறோம். பாடலிலோ அவன் வேலிக்கு அப்பால் இருப்பதைத் தோழியின் சொல்லில் உள்ள நெளிவைக் கொண்டே உணர வேண்டும். முன்னம் என்று தொல்காப்பியர் கூறியது இதற்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

தனிமொழியும் நெஞ்சொடு பேச்சும்

1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்', லிட்டன் பிரபுவின் கதைப்பாடல் ஒன்றைத் தழுவி ஐந்து அங்கங்களில் எழுந்த செய்யுள் நாடகம். அதன் தொடக்கத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதி 1970இல் தமிழ்நாட்டரசால் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டு, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. நாடகத்தின் முகப்பை நாடே பாடுகிறது; நாடகத்துக்குள் போவார் மிகச் சிலர். அந்நூலில் குடிலன் என்னும் அமைச்சன் இருக்கிறான். அரசன் சீவகன் முன் ஒரு பேச்சு, தனித்து நிற்கையில் வேறு பேச்சு. தனித்துப் பேசுவதே அவன் உண்மை என்று நாம் ஐயமின்றி ஏற்கிறோம். நாடகத்தில் தனிமொழிக்கு உள்ள ஒப்பந்தம் அது: உடனிருப்போரிடம் பொய் சொல்லலாம், அவையோரிடம் சொல்லலாகாது.

இதற்கு அருகில் திருக்குறள் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்னும் அதிகாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் பேசுபவள் தனித்தே இருக்கிறாள். ஆனால் அவையை நோக்கிப் பேசவில்லை. தன் நெஞ்சையே மற்றோர் ஆளாக எதிரே இருத்திப் பேசுகிறாள். அறிவுரை கேட்கிறாள், ஏசுகிறாள், இரங்குகிறாள். குடிலனின் தனிமொழியில் மனம் ஒன்றாய் இருந்து முகம் இரண்டாகிறது. நெஞ்சொடு கிளத்தலில் மனமே இரண்டாகிறது. முன்னதில் நமக்கு ஒரு மறைபொருள் தெரியவருகிறது. பின்னதில் பேசுபவளுக்கே தெரியாத ஒன்று நமக்குத் தெரியவருகிறது. இந்த ஒப்பீட்டை மாணவர் தாமே செய்து முடித்தால், அதன்பின் இருவகைத் தனிமையையும் அவர்கள் ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

பரிமேலழகர் காமத்துப்பாலின் குறட்பாக்களுக்குப் பேசுபவரையும் சூழலையும் வகுத்துக் காட்டியது எத்துணைப் பெரிய உதவி என்பதும் அப்போது விளங்கும். ஏழு சீரில் ஒரு களம் அமைக்கும் கலையை அவர் நமக்குத் திறந்து வைத்தார்.

கதை சொல்பவன் எங்கே?

இதுவரை கூறியவை பேசும் மாந்தர் மட்டுமே உள்ள பாடல்கள். கதை சொல்லும் கவிஞனும் இடையில் நின்றால் என்னவாகும்? இதற்குப் பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' சிறந்த பாடம். அதன் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பின் 1924இல் வந்தது. தருமன் நாட்டைப் பணயமாக வைக்கும் இடத்தில் பாரதி கதையை நிறுத்திவிட்டுத் தாமே முன்வருகிறார். கோயிலில் பூசை செய்பவன் அங்குள்ள சிலையையே விற்றுவிடுவதோடு அச்செயலை ஒப்பிட்டுச் சினக்கிறார். அந்தச் சினம் அவையிலிருந்த எவருடையதும் அன்று. அடிமைப்பட்ட நாட்டில் வாழ்ந்த கவிஞருடையது.

இதனை நாடகமாக்கச் சொன்னால் மாணவர் இடர்ப்படுவர். இந்தச் சினத்தை யார் வாயில் வைப்பது? விதுரன் வாயில் வைத்தால் அது ஒரு முதியவரின் அறிவுரையாகிவிடும். ஒருவர் வாயிலும் வைக்காவிட்டால் பாடலின் உயிர் போய்விடும். மேலை நாட்டு நாடக வடிவத்தை மட்டும் அறிந்தவர்க்கு இதற்கு எளிதில் விடை கிடைக்காது. நம் தெருக்கூத்தில் விடை இருக்கிறது. வட தமிழகத்தில் திரௌபதியம்மன் விழாக்களில் ஆடப்படும் துகிலுரிதல் கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். திரைக்குப் பின்னிருந்து வரும் வேடத்தை நீ யார் என்று கேட்பவன் அவனே. கதைக்குள்ளும் நிற்பான், அடுத்த நொடி அவையோரின் ஊர்க்காரனாகிக் கதையைக் கேலியும் செய்வான், கண்டிக்கவும் செய்வான். பாரதி பாடலில் எடுத்துக்கொண்ட உரிமையைக் கூத்தில் கட்டியங்காரன் எடுத்துக்கொள்கிறான். இருவரின் குரலும் ஒன்றன்று. கவிஞரின் சினம் நம்மை அவையிலிருந்து தூக்கிக்கொண்டு போகிறது; கட்டியங்காரனின் நகை நம்மை அவையிலேயே உட்கார வைக்கிறது. ஆனால் இருவரும் நிற்கும் இடம் ஒன்றே.

கூத்து நடக்கும் பகுதியில் உள்ள கல்லூரியாயின், ஓர் இரவு மாணவரை அழைத்துச் செல்வது பத்து வகுப்புகளுக்கு ஈடாகும். ஒப்பீட்டுக்கு வேண்டிய நூல் நூலகத்தில் இருக்கிறது. மற்றப் பாதி ஊர்த் திடலில் விடியுமட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு தடைகள்

இம்முறையை மறுத்துச் சொல்லக்கூடியவை இரண்டு. எல்லாப் பாடலிலும் இப்படி ஒரு பாத்திரம் பேசுவதில்லையே என்பது முதலாவது. உண்மை. புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பாடும்போது பேசுபவர் ஔவையாரே. அங்கே பெயரும் நிகழ்ச்சியும் வேண்டியவை. ஆகவே எல்லாவற்றையும் நாடகமாக்குவது நோக்கமன்று. இங்கே பேசுவது கவிஞரா, கவிஞர் படைத்த ஒருவரா என்று கேட்டு அறிவதே நோக்கம். விடை எதுவாயினும் கேள்வி தேவை.

தேர்வுக்கு இது உதவாது என்பது இரண்டாவது. வினாத்தாளைச் சற்றே மாற்றினால் உதவும். 'பாடலின் கருத்தை விளக்குக' என்பதற்கு மாற்றாக, 'இப்பாடலில் பேசுபவர் யார், கேட்பவர் யார்? பாடலிலிருந்து மூன்று சொற்களைச் சான்று காட்டுக' என்று கேட்கலாம். 'இதனைக் காட்சியாக்கினால் பெறுவது ஒன்றும் இழப்பது ஒன்றும் எழுதுக' என்று கேட்கலாம். இவற்றுக்கு விடைநூல் எழுத எவராலும் இயலாது என்பதே இவற்றின் சிறப்பு. திருத்துவோர்க்கு வேலை கூடும்; மறுக்கவில்லை.

கவிஞர்களுக்கு ஒரு சொல்

இறுதியாக, இந்த அவைக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐந்திணை அகப்பாடலில் எவர் பெயரும் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய விதி. நாடகத்திலோ உரையாடல் தொடங்குமுன்னரே பாத்திரங்களின் பெயர்ப்பட்டியல் வந்துவிடுகிறது. பெயரில்லாமை அகப்பாடலுக்கு ஒரு குறையா? அது ஒரு காப்பு என்பது என் எண்ணம். கபிலர் என்னும் ஆண்மகன் கையைப் பற்றக் கொடுத்த பெண்ணாகிப் பாட முடிந்தது. அதைக் கேட்டவர் எவரும் கபிலரின் வாழ்க்கையைத் துருவவில்லை. பாடலில் வரும் 'நான்' பாடியவரே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்த மரபில் இல்லை.

இன்று நிலை வேறு. கவிதையில் 'நான்' என்று எழுதினால் அது எழுதியவரின் வாக்குமூலம் என்று கொள்ளப்படுகிறது. பெண் எழுதினால் இன்னும் கடுமையாகக் கொள்ளப்படுகிறது. நன்றாக எழுதக்கூடிய மாணவியர் சிலர் குறிப்பேட்டை மூடியே வைத்திருப்பதற்குக் காரணம் கேட்டிருக்கிறேன். இதைப் படித்தால் வீட்டில் என்னைத்தான் என்று நினைப்பார்கள் என்பதே பெரும்பாலோர் விடை. அவர்களுக்குத் திறமையும் சொல்வளமும் இருக்கின்றன. இல்லாதது, பேசுபவர் வேறு, எழுதியவர் வேறாக இருக்கலாம் என்று அறிந்த வாசகர் கூட்டம். நாடகத்தில் கொலைகாரன் வேடமிட்டவரைக் காவலர் கைது செய்வதில்லை. கவிதையில் மட்டும் நாம் நாள்தோறும் கைது செய்துகொண்டிருக்கிறோம். கவிதையை நாடகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிய ஒரு வகுப்பு, ஒரு வீடு, ஒரு வட்டம் இந்தக் கைதுகளை நிறுத்தும். நான் இத்தனை நேரம் பாடத்திட்டம்போல் பேசியதன் உட்கிடை இதுதான்.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். பதினோராம் ஆண்டின் கூட்டங்களில் ஒரு கவிதையையேனும் எழுதியவர் படிக்காமல் மற்றொருவர் படிக்கட்டும். எழுதியவர் பெயர் கடைசியில் அறிவிக்கப்படட்டும். அதுவரை அவை கேட்க வேண்டியவை: பேசுவது யார், கேட்பது யார், எங்கே, எப்போது, சொல்லாமல் விட்டது எது. எழுதியவர் பேசாமல் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும். அக்கூட்டத்துக்கு அருகிலுள்ள பள்ளிகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் பத்து மாணவரையாவது அழையுங்கள். குறிப்பேட்டை மூடி வைத்திருப்பவர்களில் ஒருவரேனும் அவர்களிடையே இருப்பார்.